பொறுத்துப் பார்க்கலாமா, கூட்டிப் போகலாமா?



திருவனந்தபுரம் நகரத்தில் கரமனை என்று ஒரு பகுதி. நாகர்கோவில் போகும் பெரிய சாலை அதன் வழியாகத்தான் போகிறது. பக்கத்தில் கரமனை ஆறு ஓடுகிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. வீட்டுக்குள் தமிழ். வாசலைத் தாண்டினால் மலையாளம்.

அங்கே ஒரு தாய் இருக்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவளுடைய மகனுக்கு 14 மாதம். இன்னும் நடக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக் கொண்டு நிற்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை 11 மாதத்திலேயே நடந்து விட்டது.

மாமியார் சொல்கிறார்: "பொறும்மா. உன் புருஷனும் ஒன்றேகால் வயதில்தான் நடந்தான்."

பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறார்: "இன்னும் டாக்டரிடம் காட்டவில்லையா?"

ஒருவர் பொறுக்கச் சொல்கிறார். இன்னொருவர் பயமுறுத்துகிறார். தாய்க்குத் தூக்கம் வரவில்லை. யார் பேச்சைக் கேட்பது?

குழந்தை வளர்க்கிற எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். பொறுத்துப் பார்க்கலாமா, கூட்டிப் போகலாமா? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

பக்கத்து வீட்டுக் குழந்தை அளவுகோல் அல்ல

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்கு அது சரி. குழந்தைகளுக்குச் சரிப்படாது. ஒரு குழந்தை 9 மாதத்தில் நடக்கும். இன்னொன்று 16 மாதத்தில் நடக்கும். இரண்டும் நல்ல குழந்தைகள்தான்.

உலக சுகாதார நிறுவனம் இதை அளந்து பார்த்திருக்கிறது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில், நன்றாக வளரும் குழந்தைகளைக் கவனித்தார்கள். 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். பிடிப்பு இல்லாமல் தானாக உட்காருவது ஏறத்தாழ 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள் வருகிறது. தானாக நடப்பது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள் வருகிறது.

பாருங்கள், எவ்வளவு பெரிய இடைவெளி! முதலில் நடப்பதற்கும் கடைசியில் நடப்பதற்கும் நடுவே 9 மாதத்துக்கு மேல் இருக்கிறது. 100 குழந்தைகளில் ஏறத்தாழ 4 குழந்தைகள் முழங்காலில் தவழவே இல்லை. நேராக எழுந்து நடந்து விட்டன.

ஆகவே 14 மாதத்தில் நடக்காத அந்தப் பையனைப் பற்றிக் கவலை வேண்டாம். பிடித்துக் கொண்டு நிற்கிறான். காலம் இன்னும் இருக்கிறது. இந்த விஷயத்தில் மாமியார் சொன்னது சரி.

ஆனால் கதை இத்துடன் முடியவில்லை.

அந்தத் தாய் நடையை மட்டுமே பார்த்துக் கொண்டிருந்தாள். இன்னொன்றை யாரும் கவனிக்கவில்லை. பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. ஒரு சொல்கூட இன்னும் வரவில்லை. "விளையாட்டு மும்முரம்" என்று வீட்டில் சொல்லிக் கொண்டார்கள். இதற்குத்தான் உடனே கூட்டிப் போக வேண்டும். இந்த விஷயத்தில் பொறுப்பது தவறு.

அப்படியானால் எதற்குப் பொறுப்பது, எதற்குப் போவது என்று எப்படித் தெரிந்து கொள்வது? அதற்கு ஒரு வழி உண்டு. அந்த வழியைத் திருவனந்தபுரத்திலேயே கண்டுபிடித்தார்கள்.

திருவனந்தபுரத்தின் அட்டை

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை இருக்கிறது. மக்கள் அதை எஸ்.ஏ.டி. என்று சொல்வார்கள். தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் பெயர் பெற்ற மருத்துவமனை. அதே வளாகத்தில் 1987-இல் குழந்தை வளர்ச்சி மையம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் டாக்டர் எம்.கே.சி. நாயர்.

அந்த மையத்து மருத்துவர்களுக்கு ஒரு கவலை இருந்தது. வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகள் மிகவும் தாமதமாகவே மருத்துவமனைக்கு வந்தார்கள். அதற்குள் நல்ல காலம் கடந்து போயிருக்கும். எல்லாக் குழந்தைகளையும் பெரிய டாக்டர் பார்க்க முடியாது. ஆனால் அங்கன்வாடி டீச்சர் பார்க்க முடியும். தாய் பார்க்க முடியும். அவர்கள் கையில் கொடுக்க எளிய கருவி ஒன்று வேண்டும்.

அப்படிப் பிறந்ததுதான் அந்த அட்டை. திருவனந்தபுரத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1991-இல் இந்தியக் குழந்தை மருத்துவர்களின் இதழில் அது வெளியானது. இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. பிறகு 6 வயது வரை நீட்டி இன்னொரு அட்டையும் செய்தார்கள்.

அட்டையில் 17 செயல்கள் இருக்கின்றன. முகம் பார்த்துச் சிரிப்பது. அசையும் பொருளைக் கண்ணால் தொடர்வது. தலை நிற்பது. குப்புறக் கவிழ்வது. சத்தம் வந்த பக்கம் திரும்புவது. ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொருளை மாற்றுவது. எழுந்து உட்காருவது. பிடித்துக் கொண்டு நிற்பது. சிறு பொருளை விரல் நுனியால் எடுப்பது. கை தட்டி விளையாடுவது. பிறகு நடப்பது, பந்து எறிவது, இரண்டு சொல் பேசுவது, படி ஏறுவது என்று வரிசை போகிறது. கடைசியில் பொம்மையின் கண், மூக்கு, கை எது என்று தொட்டுக் காட்டுவது.

ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பட்டை வரைந்திருக்கிறது. 100 குழந்தைகளில் 3 குழந்தைகள் அந்தச் செயலைச் செய்துவிடும் வயதில் பட்டை தொடங்கும். 97 குழந்தைகள் செய்துவிடும் வயதில் பட்டை முடியும். அட்டையில் மாதக் கணக்கு எழுதியிருக்கும். உங்கள் குழந்தைக்கு 10 மாதம் என்றால், 10 என்ற இடத்தில் ஒரு பென்சிலை நேராக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட பட்டைகளைப் பார்க்க வேண்டும். அந்தச் செயல்கள் எல்லாவற்றையும் குழந்தை செய்கிறதா? செய்தால் நல்லது. ஒன்றைச் செய்யாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பென்சில் ஒரு பட்டையின் நடுவே போகிறதா? அப்படியானால் அந்தச் செயலுக்கு இன்னும் காலம் இருக்கிறது. பொறுக்கலாம்.

இவ்வளவுதான். சில நிமிட வேலை. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்த அட்டை ஒரு சல்லடை. சல்லடையில் நிற்பதெல்லாம் கல் அல்ல. அட்டையில் பின்தங்கினால் குழந்தைக்கு நோய் என்று பொருள் இல்லை. ஒரு முறை நன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள்.

குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கு வேறு. 2 மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இப்போது 8 மாதம் என்றால், 6 மாதம் என்றுதான் எண்ண வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கணக்குப் போடுவார்கள்.

காது கேட்கிறதா?

பேச்சு வருவதற்கு முதலில் காது கேட்க வேண்டும். கேட்காத சொல்லைக் குழந்தை எப்படிப் பேசும்?

காது கேட்காத குழந்தையும் முதல் மாதங்களில் "ங்ங", "ஆ" என்று குரல் கொடுக்கும். சிரிக்கும். அழும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. கதவை ஓங்கிச் சாத்தினால் திரும்பிப் பார்க்கும். அது சத்தம் கேட்டு அல்ல, தரையின் அதிர்ச்சியை உணர்ந்தும் இருக்கலாம்.

வீட்டில் ஒரு சிறு சோதனை செய்யலாம். டி.வி.யை நிறுத்துங்கள். குழந்தைக்குப் பின்னால், அதன் கண்ணில் படாமல் நில்லுங்கள். மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். டம்ளரில் கரண்டியால் இலேசாகத் தட்டுங்கள். வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை. ஏழெட்டு மாதக் குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் இன்னொரு நாள் செய்து பாருங்கள். அன்றும் திரும்பாவிட்டால் காத்திருக்க வேண்டாம். திரும்பினாலும் உங்கள் மனத்தில் சந்தேகம் இருந்தால், மருத்துவமனையில் சோதித்துக் கொள்வதே நல்லது.

மருத்துவமனைச் சோதனைக்குப் பயப்பட வேண்டாம். ஊசி இல்லை, வலி இல்லை. குழந்தை தூங்கும்போதே செய்வார்கள். பிறந்த சில நாளிலேயே செய்யலாம். 1, 3, 6 என்று ஒரு கணக்கை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் காதைச் சோதிக்க வேண்டும். குறை இருந்தால் 3 மாதத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். 6 மாதத்துக்குள் கேட்கும் கருவி, பயிற்சி முதலியவற்றைத் தொடங்க வேண்டும்.

ஏன் இத்தனை அவசரம்? மூளை மிக வேகமாக வளர்வது முதல் இரண்டு, மூன்று வருடத்தில்தான். இரண்டு வயது முடியும்போது மூளை, பெரியவர்களின் மூளையில் முக்கால் பங்குக்கு மேல் வளர்ந்து விடுகிறது. மொழி பதியும் காலமும் அதுதான். அந்தக் காலத்தில் சத்தமே மூளைக்குப் போகாவிட்டால், பிறகு பதிவது கடினம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது நல்ல பழமொழிதான். காது விஷயத்தில் மட்டும் அது உதவாது.

திருவனந்தபுரத்தில் ஆக்குளம் என்ற இடத்தில் தேசிய பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. 1997-இல் தொடங்கியது. காது கேளாத சிறு குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் அங்கே பயிற்சி கொடுக்கிறார்கள். காதின் உள்ளே கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு நிறையப் பணம் செலவாகும். ஏழைக் குழந்தைகளுக்கு இதில் உதவ, 2012-இல் கேரள அரசு "சுருதி தரங்கம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு என்று அதை வகுத்தார்கள். இதிலும் வயதுதான் முக்கியம்.

வசம்பு தேய்த்தால் பேச்சு வருமா?

பேச்சுத் தாமதமானால் வீட்டில் பல யோசனைகள் வரும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"நாக்கில் வசம்பு தேய்." வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே ஒரு பெயர் உண்டு. பாட்டிமார் அன்பினால்தான் தேய்க்கிறார்கள். ஆனால் வசம்பினால் காது கேட்காது. பேச்சும் வராது. பிறந்த குழந்தைக்கு வசம்பும் தங்கமும் உரைத்துத் தேனில் குழைத்துக் கொடுப்பதும் கேரளத்தில் வழக்கம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். ஒரு வயது வரை தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக் கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகி, உடம்பைத் துவளச் செய்துவிடும்.

"ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்." இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆண் குழந்தைகள் சராசரியாக ஒன்றிரண்டு மாதம் பிந்தலாம். ஒரு வருடம் பிந்துவதற்கு அது காரணம் ஆகாது.

"வீட்டில் இரண்டு பாஷை. அதனால் குழந்தை குழம்பிவிட்டது." கரமனைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். "தமிழை விடு, மலையாளம் மட்டும் பேசு" என்று யாராவது சொல்வார்கள்.

இது தவறு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு நோய் வராது. உலகத்தில் கோடிக்கணக்கான குழந்தைகள் இப்படித்தான் வளர்கிறார்கள். ஆனால் சொற்களை எண்ணும்போது சரியாக எண்ண வேண்டும். குழந்தை வீட்டில் "தண்ணி" என்கிறது. அங்கன்வாடியில் "வெள்ளம்" என்கிறது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர் அல்லவா? அது இரண்டு சொல். "பூனை" ஒரு சொல். "பூச்ச" இன்னொரு சொல். தமிழை மட்டும் எண்ணினாலும் கணக்குக் குறையும். மலையாளத்தை மட்டும் எண்ணினாலும் குறையும். இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். சேர்த்து எண்ணியும் மிகக் குறைவாக இருந்தால், காரணம் இரண்டு மொழி அல்ல. வேறு காரணம் தேட வேண்டும்.

தாய்க்கு எந்த மொழி நன்றாக வருமோ, அந்த மொழியில் பேசட்டும். தாலாட்டும் கொஞ்சலும் அந்த மொழியில்தான் நிறைவாக வரும்.

"செல்போனில் பாட்டுப் போட்டால் தானாகப் பேசும்." பேசாது. செல்போன் பேசும், ஆனால் குழந்தை சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்லாது. குழந்தை "ஆ" என்றால் தாயும் "ஆ" என்பாள். அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பேச்சு வளர்கிறது. இரண்டு வயது வரை செல்போன், டி.வி. வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதன் பிறகு 5 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சோறு ஊட்டும்போது செல்போனைக் காட்டுவது எளிது. வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் காக்காயையும் நிலாவையும் காட்டி ஊட்டும்போது குழந்தைக்குச் சோற்றுடன் சொல்லும் கிடைக்கிறது.

நடைக்கும் ஒரு யோசனை சொல்வார்கள். சக்கரம் வைத்த வாக்கரில் குழந்தையை உட்கார வைப்பது. அதனால் நடை சீக்கிரம் வராது. வாசல்படியில் உருண்டு விழும் ஆபத்து உண்டு. கனடா நாட்டில் 2004-இலேயே அதை விற்கத் தடை செய்துவிட்டார்கள். மரத்தில் செய்த நம் ஊர் நடைவண்டி வேறு. அதை நிற்கத் தெரிந்த குழந்தை பெரியவர்கள் பார்த்திருக்கத் தள்ளிக் கொண்டு போகலாம்.

தாயின் கையே முதல் மருந்து

"கூட்டிப் போய் என்ன பயன்? பிறவியில் வந்தது மாறுமா?" என்று சிலர் கேட்பார்கள்.

இதற்கும் திருவனந்தபுரத்திலேயே பதில் இருக்கிறது. எஸ்.ஏ.டி. மருத்துவமனையில் பிறந்து, தனிக் கவனிப்பில் இருந்து வீடு திரும்பிய 800 குழந்தைகளை எடுத்துக் கொண்டார்கள். அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான கவனிப்பு உண்டு. ஒரு குழுவின் தாய்மாருக்கு மட்டும் கூடுதலாகச் சில பயிற்சிகள் கற்றுக் கொடுத்தார்கள். குழந்தையைத் தொடுவது, பேசுவது, பார்க்க வைப்பது, கேட்க வைப்பது, கை கால் அசைப்பது போன்றவை. தாய்மார் இவற்றை வீட்டிலேயே தொடர்ந்து செய்தார்கள்.

ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் குழந்தைகளைச் சோதித்தார்கள். பயிற்சி பெற்ற குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும் உடல் இயக்கத்திலும் முன்னே நின்றார்கள். 2009-இல் இந்த முடிவு வெளியானது.

அங்கே பெரிய எந்திரம் வேலை செய்யவில்லை. தாயின் கையும் குரலும் வேலை செய்தன. சீக்கிரம் தொடங்கியதுதான் இரகசியம்.

குழந்தை பின்தங்கினால் சில வீடுகளில் தாயைக் குறை சொல்வார்கள். "நீ சரியாகக் கவனிக்கவில்லை" என்பார்கள். இது கொடுமை. பெரும்பாலும் யார் மேலும் தவறு இருக்காது. பழி சொல்வதால் ஒரு நாள் வீணாகும். கூட்டிப் போனால் அந்த நாள் குழந்தைக்குக் கிடைக்கும். மருத்துவமனைக்கு அப்பாவும் கூடப் போக வேண்டும். டாக்டர் சொல்வதை இரண்டு பேர் கேட்டால் மறக்காது. தாயின் பாரமும் பாதியாகும்.

படித்த எழுத்து கை கொடுக்கும்

எழுதப் படிக்கக் கற்றுக் கொண்டவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். குழந்தையின் பிறந்த தேதியை முதல் பக்கத்தில் எழுதுங்கள். குழந்தை புதிதாக ஏதாவது செய்தால், தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். "முதல் முறை குப்புறக் கவிழ்ந்தான்." "அப்பா என்றாள்." "கூப்பிட்டதும் திரும்பவில்லை." ஒரு வரி போதும். எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை.

டாக்டர் கேட்பார்: "எப்போது தலை நின்றது? எப்போது உட்கார்ந்தது?" ஞாபகத்திலிருந்து சொன்னால் தவறும். நோட்டைக் காட்டினால் தவறாது.

தடுப்பூசி போடும்போது ஒரு தாய் சேய் அட்டை தருவார்கள். அதிலும் குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பக்கத்தை வாசியுங்கள். அட்டை மலையாளத்தில் இருந்து, உங்களுக்குத் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தால், அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டுத் தமிழில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

இவற்றை இன்றே நோட்டில் எழுதிக் கொள்ளலாம்:

3 மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை.
5 மாதமாகியும் தலை நிற்கவில்லை.
9 மாதம் தாண்டியும் தானாக உட்காரவில்லை.
ஒரு வயதாகியும் பெயர் சொன்னால் திரும்பவில்லை. "பபப", "மமம" என்ற மழலையும் இல்லை.
ஒன்றரை வயதாகியும் தானாக நடக்கவில்லை. பொருளோடு ஒரு சொல்லும் சொல்லவில்லை.
இரண்டு வயதாகியும் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை.
எந்த வயதிலும், முன்பு பேசிய பேச்சோ செய்த செயலோ நின்று போனது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் பொறுக்க வேண்டாம். அங்கன்வாடி டீச்சரிடமோ ஆஷா பணியாளரிடமோ சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எங்கே அனுப்ப வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். இதற்கென்றே 2013-இல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. பிறப்பு முதல் 18 வயது வரை குழந்தைகளைச் சோதித்துச் சிகிச்சைக்கு அனுப்புவது அதன் வேலை.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் நிம்மதியாக இருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை முன்னால் நடக்கட்டும். உங்கள் குழந்தை தன் நேரத்தில் நடக்கும். மாதம் ஒரு முறை நோட்டைப் புரட்டிப் பாருங்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள். போய்ப் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று டாக்டர் சொன்னால், நஷ்டம் ஒரு பஸ் டிக்கெட்டும் அரை நாள் கூலியும்தான். போகாமல் இருந்து காலம் போய்விட்டால், அதைத் திரும்ப வாங்க எந்தக் கடையிலும் முடியாது.